பலகையில் எழுதும் பழமொழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன வாசிகசாலை இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை. காலையில் பத்திரிகைகளை எடுத்து வைக்கப் போகும்போது அந்தப் பலகையில் ஒரு பழமொழி எழுதிவிட்டு வருவது என் வேலை. யாரும் நியமித்த வேலை இல்லை. முன்பு எழுதிக்கொண்டிருந்த ரீச்சர் மகளோடு இருக்கக் கனடா போனபோது வெண்கட்டிப் பெட்டியை என் கையில் தந்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். பாண் வாங்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓட்டோக்காரர்கள் என்று பலரும் நின்று வாசிப்பார்கள். வாசித்தால் கேள்வியும் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள். நின்று நின்று பதில் சொன்னதில் பல நாள் தேத்தண்ணி ஆறிப்போனது. அதனால் இப்படி எழுதி வைக்கிறேன்.

பழமொழி என்று எதைச் சொல்கிறீர்கள்? திருக்குறளும் அதில் சேருமா?

சேராது. குறளுக்கு ஆள் இருக்கிறார், இலக்கம் இருக்கிறது. "முயற்சி திருவினை ஆக்கும்" என்று எழுதினால் பக்கத்தில் 616 என்று போட்டுவிடலாம். பழமொழிக்கு அப்படி ஒன்றும் இல்லை. "சொல்லுவாங்கள்" என்பதுதான் அதற்கு ஆசிரியர்.

யார் சொன்னது என்று தெரியாத எல்லாவற்றையும் ஔவையார் தலையில் கட்டுவது எங்கள் சனத்தின் பழக்கம். "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" ஔவையாருடையதுதான், கொன்றை வேந்தனில் இருக்கிறது. ஆனால் "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" 423ஆம் குறள். ஒரு கலியாண வீட்டில் இதைச் சொல்லப்போய், ஔவையார்தான் என்று பந்தயம் கட்டியவரிடம் ஒரு சோடா வென்றிருக்கிறேன். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" யாருடையது என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டதைத்தான் பலகையில் எழுதுகிறேன்.

இவை உண்மையிலேயே அவ்வளவு பழையவையா?

சில அப்படித்தான். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்று பழமொழி நானூறு, பாடியவர் முன்றுறை அரையனார். ஒவ்வொரு வெண்பாவிலும் அவர் காலத்திலேயே ஊர்வாயில் புழங்கிய ஒரு சொல்லை வைத்துப் பாடியிருக்கிறார். மணலுக்குள் மறைந்து கிடக்கும் "நுணலும் தன் வாயால் கெடும்" என்பது அதில் ஒன்று. நுணல் என்றால் தவளை. இன்றைக்கு நாங்கள் சொல்கிற "தவளை தன் வாயால் கெடும்" ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சொல்.

படிக்கிற காலத்தில் இதை வெறும் உவமை என்று நினைத்திருந்தேன். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த ஓர் இரவு, வாசிகசாலைக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் ஒரே சத்தம். அம்மா எங்களை "மாரித் தவளை மாதிரிக் கத்தாதே" என்று ஏசுவாரே, அந்தச் சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு தவளைதான் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது, கழுத்து பலூன் மாதிரி ஊதி ஊதி வற்றியது. அதற்கு இரண்டு முழம் தள்ளி, புல்லுக்குள் ஒரு சாரை. வெளிச்சம் பட்டும் அசையவில்லை, சத்தம் வந்த பக்கத்தையே பார்த்துக் கிடந்தது. சத்தம் திடீரென்று நின்றது. நான் டோர்ச்சை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். முன்றுறை அரையனாரும் எங்கோ ஒரு வாய்க்கால் கரையில் இதைப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அச்சில் திரட்டியவர்களில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பேர்சிவல் பாதிரியாரை மறக்கக் கூடாது. ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர் அவர்தான். பின்னாளில் சென்னையிலிருந்து 1874இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்றாக எழுதினால் பதினாறு வருடத்துக்குக் காணும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று எழுதிவிட்டு ஏன் அழித்தீர்கள்?

தம்பலகாமத்திலிருந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலுவலாக வந்த ஒரு பெரியவர் அழிக்க வைத்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தம்பி, இது எந்த ஊரில வேளாண்மை செய்யிறவனுக்கு எழுதினது?" என்று கேட்டார். நான் முழித்தேன்.

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஆடி என்பது ஆனி மாதத்து வெயிலை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்ட மாதம் எங்களுக்கு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாகக் காய்ந்து இறங்கும். அதைத்தான் கச்சான் என்கிறோம். மண் புகையாகப் பறக்கும், உதடு வெடிக்கும், கிணறு அடியில் போய் நிற்கும். எங்கள் மழை வாடைக்காற்றோடு வருவது. ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்துவிடும். பெரும்போகத்துக்குப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் செய்கிறவர்கள் சித்திரை, வைகாசியிலேயே விதைத்திருப்பார்கள். ஆடியில் அந்தப் பயிர் கதிராகி நிற்கும். அந்த நேரத்தில் பட்டம் தேடிக்கொண்டு போனால் வட்டைக்குள், வயல்வெளியில், சிரிப்பார்கள்.

அந்தச் சொல் பொய் இல்லை. ஆடிப்பெருக்கில் காவிரிக்குப் புதுவெள்ளம் வருகிற ஊர்களில் பிறந்தது. அங்கே அது பஞ்சாங்கம். கடல் தாண்டி இங்கே வந்ததும் வெறும் வாய்ப்பாடு ஆகிவிட்டது. பாடப்புத்தகத்தில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம். வெளியே எட்டிப் பார்த்து, எங்கள் ஊரில் எப்போது மழை பெய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு மழை, காற்று, மாதம் பற்றிய எதையும் எழுதுமுன் அந்தப் பெரியவரை மனதில் நிறுத்திப் பார்ப்பேன். "கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை" என்ற சொல் அவரிடம் ஒரு நிமிடம் நிற்காது. இங்கே மார்கழி முழுக்க மழை. 1964ஆம் ஆண்டுச் சூறாவளி திருகோணமலையில் கரையேறியது டிசம்பர் 22ஆம் திகதி. மார்கழி பிறந்து ஒரு வாரம். அதே புயல்தான் குறுக்கே போய் மறுகரையில் தனுஷ்கோடியை அழித்தது. எங்கள் வீட்டுப் பழைய ஆட்கள் வயதைக் கணக்குப் பார்ப்பதே அந்தப் புயலை வைத்துத்தான், புயலுக்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என்று.

"தை பிறந்தால் வழி பிறக்கும்" பற்றியும் கேட்டேன். "எங்களுக்கு மாசியிலதான் பிறக்கும், சில வருசம் பங்குனியும் ஆகும்" என்றார். பெரும்போக அறுவடை அப்போதுதானே. பொங்கலுக்குப் புது நெல் வேண்டுமென்றால் முன்கூட்டி விதைத்தவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

"ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" மட்டும் முழுசாகப் பொருந்தும். அதை ஆடி முதலாம் திகதி, வீட்டில் கூழ் காய்ச்சும் அன்று எழுதுவேன். மற்றவற்றை எழுத ஆசை வந்தால் கீழே "அக்கரைச் சொல்" என்று சின்னதாகப் போட்டுவிடுகிறேன்.

கோட்டை வாசலில் இருக்கும் "முன்னே குளக்கோட்டன்" பழமொழியா, தீர்க்கதரிசனமா?

இந்த ஊரில் அதிகம் திருப்பிச் சொல்லப்படும் வரி இதுவாகத்தான் இருக்கும். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும். குளக்கோட்டன் கட்டிய கோணேசர் கோயிலைப் பறங்கியர் பிரிப்பார்கள், அதன் பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் உள்ளவர்கள் ஆள்வார்கள், கடைசியில் வடுகாய்விடும் என்று போகும். சொல்லுக்குச் சொல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களையும் வைத்துக் கோட்டை கட்டினார்கள். பின்பு ஒல்லாந்தர், அதன் பின் ஆங்கிலேயர். பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் ஆங்கிலேயர் காலத்தது. கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசல் கல்லை நின்று பாருங்கள். மீன் உருவம் தெரியும், எழுத்தும் தெரியும். ஆனால் தேய்ந்த எழுத்து. முழுப் பாட்டையும் அந்தக் கல்லில் வாசித்தேன் என்று யாராவது சொன்னால், பாட்டை மனப்பாடம் செய்துவிட்டுக் கல்லைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். நானும் சின்ன வயதில் அப்படித்தான் "வாசித்தேன்". அப்பா தோளில் இருந்தபடி விரலால் தடவித் தடவிச் சொல்ல, அவர் பக்கத்தில் நின்றவரிடம் "பாருங்கோ, பெடியன் வாசிக்கிறான்" என்று பெருமைப்பட்டார்.

கேள்விக்கு வருகிறேன். எந்தக் கண் யாருக்கு என்பதில் ஊரில் ஆளுக்கொரு வரிசை. கடைசி வரிக்கு அதைவிட அதிகப் பொருள். வடுகு என்றால் தெலுங்கு என்பார் ஒருவர், வடக்கு என்பார் இன்னொருவர், இந்தியா என்று மூன்றாமவர் செய்தித்தாளை விரிப்பார். மேடையில் பேசுகிறவர் தனக்கு வேண்டிய வரியோடு நிறுத்திக்கொள்வார். தீர்க்கதரிசனமா இல்லையா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நான் கவனித்தது வேறொன்று. 1963இல் கோயில் திரும்ப எழுந்து குடமுழுக்கு நடந்தது. அதைச் சொல்ல அந்தப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. இருந்தும் சனம் பாட்டைத்தான் சொல்கிறது.

வட்ஸ்அப்பில் வரும் "பழமொழியின் உண்மையான பொருள்" சரியா?

இதைக் கேட்காத வாரம் இல்லை. "ஆயிரம் பேரைக் கொன்றவன்" இல்லை, "வேரைக் கொன்றவன்" அரை வைத்தியனாம். மண் குதிரை இல்லை, மண் குதிராம். கழுதை இல்லை, "கழு தைக்க"வாம். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது சஷ்டியில் விரதம் இருந்தால் அகப் பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்பதாம்.

கடைசியை எடுத்துக்கொள்வோம். அம்மம்மாவின் குசினியில் மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி ஒன்று இருந்தது. வாய் ஓரம் கொஞ்சம் உடைந்தது, அடி கன்னங்கரேல். அகப்பை என்றால் சிரட்டையில் பூவரசங் கம்பு பூட்டியது. ஆறு பேரப்பிள்ளைகள் பந்தியில் இருப்போம். ஐந்தாவது ஆளுக்குப் போடும்போதே சிரட்டை சட்டியின் அடியில் "கர், கர்" என்று சுரண்டும். ஆறாவது நான். அந்தச் சத்தம் கேட்டவனுக்கு இந்தப் பழமொழிக்கு விரதமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். சட்டி, அகப்பை இரண்டும் ஒரே குசினியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறவை. "அகப் பை" என்று கருப்பையைச் சொன்ன கிழவி ஒருத்தியையும் நான் இதுவரை கண்டதில்லை.

வைத்தியர் பழமொழியும் அப்படித்தான். அது ஒரு நக்கல். ஆயிரம் பேரைக் கொன்ற பிறகும் முழு வைத்தியன் ஆகவில்லை, அரைதான் என்று வைத்தியரைச் சீண்டுகிறது. வேர் பிடுங்கவிட்டால் நக்கல் போய்விடும், வேர்ப் பட்டியல்தான் மிஞ்சும். எங்கள் முன்னோர் எப்போதும் நல்லதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நம்புவதால் வருகிற வினை இது. முன்னோருக்கும் வாய்க்கொழுப்பு இருந்தது, ஐயா.

மண் குதிரில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம், ஆற்று நடுவில் மணல் மேடு பொய்க்கால் வைக்கும் என்பது உண்மை. இருந்தாலும் மண்ணால் செய்த குதிரையில் ஏறி ஆற்றில் இறங்குகிற மடையனை எனக்குப் பிடித்திருக்கிறது. அவனை ஏன் கொல்வான்?

"பெண் புத்தி பின் புத்தி" போன்றவற்றை ஏன் எழுதுவதில்லை?

ஒரு முறை எழுதினேன். பின்னால் வருவதை முன்கூட்டி அறிகிற புத்தி என்று ஒரு நல்ல விளக்கத்தையும் கீழே சேர்த்தேன். மத்தியானம் பார்த்தால் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை அதன் கீழே வெண்கட்டியால் எழுதியிருந்தது: "அப்ப ஆண் புத்தி?" எழுத்து வடிவான எழுத்து. நான் இரண்டையும் அழித்தேன். இல்லை, முதலில் என்னுடையதை அழித்தேன், பிள்ளையின் கேள்வியை இரண்டு நாள் விட்டு வைத்தேன்.

சாதிப் பெயர் வருகிறவையும் அப்படியே. தொகுப்புகளில் ஏராளம் கிடக்கின்றன, ஆராய்கிறவர்களுக்கு அவை வேண்டும். தெருப் பலகைக்கு வேண்டாம்.

ஒன்றுக்கொன்று எதிராகச் சொல்கின்றனவே, எதைக் கேட்பது?

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்." "பதறாத காரியம் சிதறாது." என் மாமா ஒருவர் இந்த இரண்டையும் ஒரே நாளில் சொன்னார். காலையில் ஒருவர் காணி வாங்க வந்தார், அவரிடம் முதலாவது. பின்னேரம் அதே காணிக்கு அட்வான்சைத் திருப்பிக் கேட்டு அதே ஆள் வந்தார், அவரிடம் இரண்டாவது. மாமாவுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

எங்கள் தொழிலுக்குப் பழமொழி இல்லையா? (கரைவலை இழுக்கும் ஒருவர் கேட்டது)

ஏன் இல்லை என்று அடுத்தடுத்து எடுத்துவிட்டேன். இறால் போட்டுச் சுறாப் பிடிப்பது. மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்குவதா. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு. நண்டு கொழுத்தால் வளையில் இராது. "கடல் வற்றும், கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு."

அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் கரையில நிண்டு பாத்தவன் சொன்னது."

யோசித்தால் உண்மைதான். கொக்கு பழமொழியில் கூடக் கடலுக்குள் யாரும் போகவில்லை. வலையின் மடி கரைக்கு வரும் நேரம் இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் குதிகாலை மணலில் புதைத்துப் பின்னுக்குச் சாய்ந்து இழுப்பார்கள். அந்த நேரம் அவர்கள் வாயில் வருவது பழமொழி அல்ல, அம்பா. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்குவார்கள். மூச்சு வாங்குகிறவனுக்குப் புத்திமதி சொல்ல நேரம் இல்லை. பழமொழி கை சும்மா இருக்கிறவனுடைய சரக்கு. இதை எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வேறு சொற்கள் உண்டா?

தமிழ் ஒன்றுதானே, பெரும்பாலும் அதே சொற்கள்தான். முஸ்லிம் நண்பர்கள் வாயில் கூடுதலாகக் கேட்பது "ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புக் கொடு" என்பது. நபிமொழியிலிருந்து வந்தது. சைக்கிளைப் பூட்டாமல் கடைக்குள் ஓடுகிற மகனைப் பார்த்து "ஒட்டகம், ஒட்டகம்" என்று ஒரு வாப்பா கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். முழுவதும் சொல்லவே தேவைப்படவில்லை.

"ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்" என்பதை எனக்கு விளங்க வைத்ததும் கிண்ணியாதான். 2009இல் பாலம் திறக்கும் வரை அங்கே பாதையில்தான் கடக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு ஒரு சொல்: கிழக்கில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குகிற மிதவை. பாதையில் நெருக்கியடித்து நிற்கும்போது ஒருவர் மீன்பெட்டியை இன்னொருவர் பிடிப்பார், யாரோ ஒருவருடைய பிள்ளை என் இடுப்பில் இருக்கும், ஊர், பேர், சொந்தம் எல்லாம் விசாரித்து முடியும். பாதை கரையில் முட்டுகிற அந்த "டக்" சத்தம் கேட்டதும் ஒருவரையும் ஒருவருக்குத் தெரியாது. பஸ்ஸில் இடம் பிடிக்க ஓட்டம். இப்போது பாலத்தால் இரண்டு நிமிடத்தில் கடக்கிறோம். அண்ணன் தம்பியாக இருக்கிற அந்த இடைவெளியும் போய்விட்டது.

சிங்களத்தில் இதே மாதிரி இருக்கிறதா?

நிறைய. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நாங்கள் சொல்வதைச் சிங்களத்தில் ஆடமாட்டாத மனுசனுக்கு நிலம் கோணல் என்பார்கள். அங்கே ஆண், இங்கே பெண். உயர்தரப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அரச அலுவலகங்களில் அதிகம் கேட்கிற பழமொழி எது?

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கான்." சந்தேகமே இல்லை.

ஓர் அலுவலகத்தில் ஒரு கடுதாசிக்காக நாலு நாள் போனேன். மேலதிகாரி முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார். முத்திரை குத்த வேண்டியவர் ஆசனத்தில் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா இந்தப் பழமொழியைச் சொன்னார், பின்னால் நின்றவர் சொன்னார், நான் சொன்னேன். நாலாம் நாள் நாங்கள் மூவரும் சேர்ந்தே சொன்னோம், தேவாரம் மாதிரி. கேட்டுக்கொண்டிருந்த பியோன் தம்பி முகத்தை அசைக்காமல், "பூசாரி இண்டைக்கும் லீவு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வந்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் யாராவது ஒருவர் உள்ளே போய், லீவு என்றால் அவருக்குப் பதில் யார் என்று கேட்டிருப்போம். பழமொழி சொன்னதும் ஏதோ முறைப்பாடு கொடுத்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் வாயை மூடிக்கொண்டு போய் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்துக் குத்தித் தந்தார். அரை நிமிடம்.

மேடைகளில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்கிறார்களே, அதன் மிச்சம் என்ன?

புறநானூற்றின் 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது. முதல் வரியை எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" வரை போவார்கள். நடுவில் மழை, மலை, கல்லில் மோதி ஓடும் பேராறு, அதில் போகிற புணை என்று ஓர் அருமையான காட்சி இருக்கிறது. அதை மேடையில் யாரும் தொடுவதில்லை.

கடைசி இரண்டு வரி இது: "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே." பெரிய ஆட்களைப் பார்த்து வாய் பிளப்பதும் இல்லை, சின்ன ஆட்களை இகழ்வது அதைவிட இல்லை. ஒரு விழாவில் பிரதம விருந்தினருக்கு ஆளுயர மாலையைப் போட்டு, பொன்னாடை போர்த்தி, பத்து நிமிடம் அவர் புகழ் பாடிவிட்டு, அதே மூச்சில் "யாதும் ஊரே" என்றார் அறிவிப்பாளர். நேரமாகிறது என்று கதிரை அடுக்கிக்கொண்டிருந்த பெடியனை நடுவில் ஒருமுறை ஏசினார். பாட்டின் இரண்டு முனையும் அந்த மேடையில்தான் இருந்தன.

வீட்டை விட்டுப் போகும்போது "போறன்" என்று ஏன் சொல்லக் கூடாது?

"போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும், அம்மம்மா விடமாட்டார். தப்பித்தவறி "போறன்" என்றால் திரும்பிக் கூப்பிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்து, சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். இதற்குக் காரணம் கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். சொல்லில் இருக்கிற சகுனம் என்று சொல்லி அனுப்புகிறேன். எங்கள் வயதுக்காரர் யாரும் இதைக் கேட்பதில்லை. சரியாகச் சொல்லிவிட்டுப் போயும் வராதவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனாலும் வாசலைத் தாண்டும்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

பலகையில் நாங்களும் எழுதலாமா?

தாராளமாக. வெண்கட்டி ஜன்னல் படியில், பழைய மா பேணிக்குள் இருக்கிறது. மூடியை இறுக்கி மூடுங்கள், மாரியில் ஈரம் பிடித்து மாவாகிவிடும். ஐப்பசி தொடங்கிவிட்டால் கீழ்வரியில் எழுத வேண்டாம், சாரல் அடித்து அழியும். வீட்டில் மட்டும் சொல்கிற, புத்தகத்தில் இல்லாத சொல் ஏதாவது இருந்தால் அதையே எழுதுங்கள். எந்த ஊர் ஆள் சொன்னது என்பதையும் ஓரத்தில் போடுங்கள். பேப்பரில் எழுதி ஒட்ட மட்டும் வேண்டாம். கோட்டையிலிருந்து வருகிற மான்கள் இரவில் இந்தத் தெருவால்தான் போகின்றன, போன மாதம் ஒட்டிய இரண்டையும் பசையோடு தின்றுவிட்டன.